இசைவும் கட்டாயமும்

கல்விக்கு விலையாகத் தன்னைப் பற்றிய விபரங்களை ஒப்படைக்குமாறு ஒரு பிள்ளையைக் கேட்பது அறமாகுமா?

2020 மார்ச்சில் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் ஈ-தக்சலாவ, சூம், வாட்ஸ்அப் முதலியவற்றிற்குப் பெயர்ந்தன. கற்பிட்டிக் கரையில், கடலுக்குச் செல்லும் தந்தையின் ஒரே கைத்தொலைபேசியிற் பிள்ளைகள் மூவர் பயிலும் வீட்டிலே கடவுச்சொல் தனியொருவரின் மறைபொருளன்று. அது வீட்டின் பொதுச்சொத்து. "எவரிடமும் கூறாதே" என்னும் அறிவுரை ஆளுக்கொரு கருவி உடையாரை எண்ணி எழுந்ததாகும்.

'சம்மதம்' என்பதை அழுத்தியவர் இசைந்தவரேயன்றோ எனச் சிலர் வினவலாம். மறுக்க இயலாதவிடத்து இசைவுக்குப் பொருளில்லை. மறுத்தால் வகுப்பில்லை எனின், அது இசைவின் வேடம் புனைந்த கட்டாயமே. மனித உரிமைகள் கண்காணிப்பகம் 49 நாடுகளின் கல்விச் செயலிகளை ஆராய்ந்து 2022 இல் வெளியிட்ட அறிக்கை, அவற்றுட் பெரும்பாலானவை பிள்ளைகளின் உரிமைக்கு ஊறு விளைக்கும் வகையில் தரவுகளைக் கையாண்டமையைக் காட்டிற்று.

இதன் பாரத்தைப் புத்தளத்தார் நன்குணர்வர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கு வந்து வாழ்ந்த முஸ்லிம்கள், தம் பெயர் எப்பட்டியலில் உளது என்பது நிவாரணத்தையும் வாக்குரிமையையும் எவ்வாறு பாதிக்கும் என்பதைப் பல்லாண்டு கண்டவர்கள். பிறர் ஏட்டில் ஏறிய பெயர், பிறர் கையிற் சிக்கிய வாழ்வின் ஒரு கூறேயாகும்.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளின் தரவைச் சிறப்பு வகையுள் அடக்குகின்றது. எனினும் சட்டத்திற்கு முற்பட்டது அறம். காக்கும் கடமை கொடுத்த பிள்ளைக்குரியதன்று, கேட்டவர்க்கே உரியது. பாடத்திற்கு வேண்டாததைத் திரட்டாமையே அக்கடமையின் முதற்படி. திரட்டாததை எவரும் திருடவியலாது.