அமைதியாயிரு என்னும் அறிவுரை

கருவுற்ற பெண்ணுக்கு நம் சமுதாயம் ஓயாது வழங்கும் அறிவுரை ஒன்றுண்டு: “மனத்தை அமைதியாக வைத்திரு, உன் கவலை பிள்ளையைத் தாக்கும்.” தாய் வயிற்றிலேயே போர்வித்தை கேட்ட அபிமன்யுவின் கதையில் ஊறிய நமக்கு இது புதிதன்று. விஞ்ஞானமும் இதற்குச் சான்று பகர்கிறது என்று இன்று கூறுகிறார்கள். விஞ்ஞானம் உண்மையில் என்ன கூறுகிறது? அதனால் பிறக்கும் கடமை யாரைச் சாரும்? இவ்விரு கேள்விகளையும் நாம் எழுப்பவேண்டியுள்ளது.

அச்சமும் துயரும் நேருங்கால், சிறுநீரகங்களின்மேல் அமைந்த சுரப்பிகள் கோர்ட்டிசோல் என்னும் ஓமோனைக் குருதியில் கலக்கின்றன. அது நஞ்சன்று, பிறப்பை நெருங்கும் சிசுவின் நுரையீரல் முதிர்வதற்கு அதுவே இன்றியமையாதது. அளவு மிகாதபடி நஞ்சுக்கொடியிலுள்ள ஒரு நொதியம் தாயின் கோர்ட்டிசோலிற் பெரும்பகுதியைச் செயலற்றதாக்கி, வேலிபோல் நின்று காக்கிறது. நீடித்த துன்பத்தில் அவ்வேலி தளரக்கூடும் என்பதே கவலைக்குரிய செய்தி.

யாழ்ப்பாணத்துக் குருநகரை எண்ணிப் பார்ப்போம். கடலை நம்பி வாழும் ஊர் அது. 1986 ஜூன் 10ஆம் நாள், தொழிலுக்குச் சென்ற அவ்வூர் மீனவர் முப்பதுக்கும் மேற்பட்டோர் மண்டைதீவுக் கடலிற் கொல்லப்பட்டனர். 1993 நவம்பர் 13ஆம் நாள் புனித யாகப்பர் ஆலயத்தின்மீது விமானக் குண்டு வீழ்ந்தது. 1995 அக்டோபர் 30ஆம் நாள் இரவு, யாழ் நகரமும் வலிகாமமும் ஒருங்கே இடம்பெயர்ந்தன. அந்நாள்களிற் கருவைச் சுமந்து நடந்தவளிடம் “அமைதியாயிரு” என்று சொல்ல எவருக்கு நா எழும்?

போர் 2009இல் ஓய்ந்தது. கவலை ஓயவில்லை. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் உயர்ந்தது. படகு கரையிற் கிடந்தால் அடுப்பு எரியாது என்பதை அறிந்த பிள்ளைத்தாய்ச்சி, தன் மனத்தை எந்த மந்திரத்தால் அடக்குவாள்?

இங்கே கனடாவின் கியூபெக் மாகாணத்து ஆய்வொன்று நமக்குத் துணைபுரிகிறது. 1998 ஜனவரியில் அங்கு வீசிய உறைபனிப் புயலால் இலட்சக்கணக்கான வீடுகள் மின்சாரமின்றிக் குளிரில் உறைந்தன. அப்போது கருவுற்றிருந்தோரின் பிள்ளைகளை ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். தாய் எவ்வளவு கலங்கினாள் என்பதை ஒரு கணக்காகவும், அவள் எத்தனை நாள் மின்சாரமின்றித் தவித்தாள் என்பன போன்ற புறத்துன்பங்களை மற்றொரு கணக்காகவும் அவர்கள் வைத்தனர். இரண்டு வயதில் அப்பிள்ளைகளின் அறிவு, மொழி வளர்ச்சிக் குறைவோடு தொடர்புற்று நின்றது இரண்டாவது கணக்கே. அவ்வாறாயின், தாயின் மனத்தை மட்டும் திருத்த முயல்வது நோயை விட்டு நிழலுக்கு மருந்திடுவதாகாதா?

“தாய்க்குப் பொறுப்பே இல்லையா?” என்று சிலர் வினவலாம். உண்டு. ஆனால், ஆற்றல் உள்ளவரைதான் கடமையும் உண்டு என்பது அறத்தின் முதற்பாடம். எண்ணெய் விலையை அவள் நிர்ணயிப்பதில்லை. குண்டு போடுமாறு அவள் ஆணையிடவுமில்லை. மாற்ற வல்லவர் வாளாவிருக்க, மாற்ற இயலாதவள்மீது பழி சுமத்துவது அறமாகாது. அப்பழியே அவளுக்கு இன்னொரு கவலையாகவும் ஆகிவிடுகிறது.

மற்றோர் ஆபத்தும் உண்டு. போர்க்காலத்திற் கருவாகிய பிள்ளைகள் குறையுடையோர் என்று முத்திரை குத்தும் ஆபத்து அது. ஆய்வுகள் கூறுவன கூட்டத்தின் சராசரி; தனிப்பிள்ளையின் தலையெழுத்தன்று. பிறந்தபின் கிடைக்கும் ஊட்டமும் அன்பும் கல்வியும் பலவற்றை ஈடுசெய்ய வல்லவை. வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர் இதனை மறத்தலாகாது.

குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருவதும், திரிபோஷா வழங்கப்படுவதும் இந்நாட்டு மக்கள் பெற்ற நல்ல உரிமைகள். அரச ஊழியையின் பிரசவத்துக்கு 84 வேலைநாள் சம்பள விடுமுறை உண்டு; மீனவன் மனைவிக்கு அத்தகைய ஊதியம் ஏது? கருக்காலத்தில் அவள் வீட்டிற்கு நிச்சயமான வருவாயும், படகிற்குக் கட்டுப்படியாகும் எண்ணெயும் கிடைக்கச் செய்யுமாறு கேட்போம். அமைதியாயிரு என்று அவளிடம் கூறுமுன், அமைதிக்குரிய வாழ்வை அவளுக்கு அளிக்குமாறு ஆள்வோரிடம் கூறுவோம்.