எடை தூக்கும் அத்தை

அத்தை தரையிலிருந்து எழுவதைப் பல வருஷமாகப் பார்த்திருக்கிறேன். ஒரு கை தரையில் ஊன்றும், மறு கை முழங்காலைப் பிடிக்கும். "முருகா" என்று ஒரு பெருமூச்சு. பிறகுதான் உடம்பு எழும். வயது 52, எடை 84 கிலோ, தினம் ஒரு பிரஷர் மாத்திரை. எந்த டாக்டரிடம் போனாலும் ஒரே பேச்சு: எடையைக் குறைங்க. அத்தையும் இரவுச் சோற்றை விட்டார், விரதங்களைக் கூட்டினார். கொழுப்போடு தசையும் கரைந்தது. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் கொழுப்புதான் முதலில் வந்து சேர்ந்தது.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அளவுக்கு மீறிய எடையோடு இருந்தார்கள். அவர்களிடமும் குறை, குறை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கூட்ட வேண்டியதும் அந்த உடம்பில் ஒன்று உண்டு. அது தசை.

ரத்தத்துச் சர்க்கரையை வாங்கி வைக்கும் பெரிய கிடங்கு தசைதான். அது மெலிந்தால் சர்க்கரை தேங்கும், நாளடைவில் ரத்தக்குழாய் கெடும். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் தந்த காப்பும் இருக்காது. தசை வலுத்தாலோ, அதே மாடிப்படி ஏற இதயம் அவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. தசைப் பயிற்சி செய்பவர்களுக்கு இதயநோய் ஆபத்து 17 சதவீதம் குறைவு என்று அமெரிக்க இதயச் சங்கம் 2023இல் சொன்னது. நடைப்பயிற்சி நல்லதுதான். அதோடு வாரம் 2 நாளாவது தசைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அத்தை பிளாஸ்டிக் நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழப் பழகினார். தண்ணீர் நிரப்பிய லிட்டர் பாட்டில்கள் இரண்டைத் தோளுக்கு மேல் தூக்கினார். மூச்சை அடக்கினால் பிரஷர் எகிறும் என்பதால், ஒவ்வொரு முறையும் வாய்விட்டு எண்ணினார்.

நான்கு மாதம் கழித்து எடை மெஷினில் ஒன்றரைக் கிலோதான் குறைந்திருந்தது. "இவ்வளவுதானாடா?" என்று முகம் வாடிப்போனார். பிரஷர் இறங்கியிருந்தது. பாவாடை நாடாவை இன்னும் இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது. இரண்டும் அவருக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. உன் உடம்பு ஒரு சுமை என்று காலமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறோம். சுமக்கிற பலமும் அந்த உடம்புக்குள்தான் இருக்கிறது என்று அவரிடம் யார் சொன்னார்கள்?

போன வாரம் வீட்டு விசேஷத்தில் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார். இலையை மடித்தார், எழுந்தார். கை ஊன்றவில்லை. முருகனையும் கூப்பிடவில்லை.

உங்கள் அம்மாவிடமோ அக்காவிடமோ "எத்தனை கிலோ குறைஞ்சுது?" என்று இனிக் கேட்காதீர்கள். நெஞ்சுவலியோ கட்டுக்கு வராத பிரஷரோ இருந்தால் முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்து அவர்கள் கையில் கொடுங்கள்.