கல்லில் ஏறாத பெயர்

போரில் மாண்டாருக்குக் கல் நாட்டிப் பெயர் பொறித்தல் தமிழருக்குப் புதிய வழக்கமன்று. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என அதன் துறைகளைத் தொல்காப்பியர் புறத்திணையியலில் வகுத்தனர். இவற்றை மாணாக்கருக்கு மனனஞ் செய்விக்கும் உபாத்தியாயர்களாகிய நாம், அக்கல்லிற் பெயர்பெறுதற்கு உரியார் யாவர் என்று வினாவுவது அரிது. இங்கிலாந்திலே ஒரு சிற்றூரார் அவ்வினாவின் பொருட்டு எண்பது வருஷத்துக்கு மேலாகக் கல் நாட்டாதிருந்தனர். அவர் செயல் தக்கதோ என்பதே ஈண்டு ஆராயப்புகுந்தது.

1914ஆம் ஆண்டு தொடங்கி 1918இல் முடிந்த மகாயுத்தத்தில் இறந்த பிரித்தானியப் போர்வீரரின் உடல்களைத் தாய்நாட்டுக்குக் கொணர்தலாகாது என்று அரசினர் விதித்தனர். பிரபுவின் மகனாயினும் உழவன் மகனாயினும் வீழ்ந்த நாட்டிலேயே அடக்கஞ் செய்யப்பட்டான். ஆதலின் ஊர்தோறும் எழுந்த நினைவுக்கற்கள் வெறும் அலங்காரமல்ல. மகனுடைய சமாதியைக் காணக் கொடுத்துவைக்காத தாய்க்கு அக்கல்லே சமாதியாயிற்று.

லிங்கன்ஷயர்ப் பகுதியிலுள்ள புல்ஸ்ரோ என்னுங் கிராமத்தவருள் சாள்ஸ் கேர்மன் என்பவர் ஒருவர். சேனையை விட்டு நீங்கினார் என்னுங் குற்றத்துக்காக 1917 செப்டெம்பர் 23ஆந் திகதி தம் சேனையாராலேயே சுடப்பட்டிறந்தார். போர் முடிந்து கல் நாட்டக் கருதியபொழுது, அவர் பெயர் அதில் ஏறலாகாது என்பது தெரிந்தது. ஊரார், அவன் பெயர் இன்றேல் எவர் பெயரும் வேண்டா என்றனர். கல் நாட்டப்படவில்லை.

பாதிரிமார் பாடசாலையில் யாம் பயின்ற காலத்தில் ஆங்கில அரசரும் தளபதிகளும் செய்த யுத்தங்களைத் திகதி வழுவாது ஒப்பித்தோம். இச்செய்தி அப்புத்தகங்களில் இல்லை. நெடுங்காலங் கழித்து அறிந்தபோது, இவ்வூரார் நெறி தவறினர் என்றே முதலில் எண்ணினோம். ஓடினவனையும் நின்றவனையும் ஒரு வரிசையில் எழுதினால், நின்றவனுக்குச் செய்த மரியாதை யாது?

இவ்வாட்சேபம் எளிதன்று. எனினும் அது ஒன்றை ஆராயாமலே ஒப்புக்கொள்கின்றது. கல் வீரத்துக்கு அளிக்கும் பரிசு என்பதே அது. அங்ஙனமாயின் ஒவ்வொரு பெயரையும் சோதித்தல் வேண்டும். பாளையத்திற் சுரங்கண்டு இறந்தவனும், உறங்குகையிற் குண்டு வீழ்ந்து மாண்டவனும் எவ்வீரத்தைக் காட்டினர்? அவர் பெயர்கள் தடையின்றிப் பொறிக்கப்பட்டன. இன்னுங் கேண்மின். அப்போரிற் பிரித்தானியச் சேனையில் மரணதண்டனை விதிக்கப்பட்டோர் மூவாயிரவருக்கு மேற்பட்டோர். கொல்லப்பட்டோர் 346 பேரே. ஏனையோர் உயிர் தப்பினர். தப்பி மீண்டும் களஞ்சென்று பகைவர் குண்டால் மாண்டவனாயின் அவன் பெயர் கல்லில் ஏறும். குற்றம் ஒன்றே, ஒரு தளபதியின் கையெழுத்து மாத்திரமே வேறு.

நம் புறநானூற்றுத் தாய் ஒருத்தி, மகன் புறங்கொடுத்தான் என்று பிறர் சொல்லக்கேட்டு, அது மெய்யாயின் அவன் பாலுண்ட மார்பை அறுப்பேன் என்று சூளுரைத்தாள் அன்றோ என்று சிலர் மறுக்கலாம். அவள் பின்பு செய்ததையும் நினைத்தல்வேண்டும். ஊர்ப்பேச்சை நம்பி வீட்டில் இருந்தாளல்லள். வாளுடன் களத்திற் புகுந்து பிணங்களை ஒவ்வொன்றாகப் புரட்டித் தானே கண்டாள். தண்டிப்பதாகச் சொன்னதும் தன் உடம்பையே. தொலைவிலிருந்து ஒரு பெயரை அடிப்பவருக்கு அவளைச் சாட்சியாக அழைத்தல் பொருந்தாது.

நம் பாடசாலையிலே பரிசுப் பட்டியல் ஒன்றுண்டு, இடாப்பு ஒன்றுண்டு. பரிசு பெறாதவன் என்றோ, பிரம்படி பெற்றவன் என்றோ ஒருவன் பெயரை இடாப்பினின்று நீக்குவார் இலர். போர்வீரத்துக்குப் பதக்கங்கள் வேறுள. ஊர்க்கல்லோ இடாப்பை ஒத்தது. இவ்வூரிலிருந்து போனவர், திரும்பாதவர் இவர் என்பதே அதன் வாசகம். போகச் சொன்னது அவ்வூரும் நாடும். பயந்தவனும் அச்சொல்லைக் கேட்டே போனான்.

ஆயினும் ஒரு வருத்தம் எம்மனத்தை விட்டகலவில்லை. கேர்மன் ஒருவர் பொருட்டு ஏனை மைந்தர் பெயர்களும் ஏறாதொழிந்தன. அவர்தம் தாய்மார் தொட்டுப் பார்த்தற்கு ஒரு கல்லின்றியே இறந்தனர். அவர் ஒவ்வொருவரும் மனமொத்தே இதற்கு இசைந்தனரோ, அயலார் முகத்துக்காக வாய்மூடியிருந்தனரோ, யார் சொல்லவல்லார்? மனமொத்தே இசைந்தாராயின், தம் மகனுக்கு உரியதை அயலாள் மகன் பொருட்டு விட்டுக்கொடுத்த அத்தாய்மாருக்கு ஒப்பானாரை யாம் கண்டிலேம்.

2005ஆம் ஆண்டில் அவ்வூரார் நினைவுச்சின்னம் அமைத்துக் கேர்மன் பெயரையும் ஏனையோர் பெயர்களுடன் பொறித்தனர். அடுத்த ஆண்டு பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தால் அவருள்ளிட்ட 306 பேருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர்மேற் கூறிய தீர்ப்பை அச்சட்டமும் நீக்கவில்லை.