சிறையில் கழிந்த நாளும் நீதியின் பேரேடும்

முன்னுரை

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் தமிழ் வணிகர் பலர் தலைமுறைகளாகக் கடை நடத்தி வருகின்றனர். பற்றும் வரவும் நேர்செய்யப்படாத கணக்கை முடிந்த கணக்காகக் கொள்ளாமை வணிக அறம். அதே நகரின் பூஜப்புரையில் மத்தியச் சிறை அமைந்துள்ளது. சிறைக்கும் ஒரு கணக்கு உண்டு; அங்கு எண்ணப்படுவது பணமன்று, மனிதரின் நாள். தீர்ப்புக்கு முன் சிறையில் கழிந்த நாள் யாருக்கு வரவாகிறது என்னும் அறவினாவை இன்றைய சட்டத்தையும் சிலப்பதிகாரத்தையும் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

சட்டம் தரும் கழிவு

1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 428-ஆம் பிரிவு, விசாரணைக் காலத்தில் ஒருவர் காவலில் இருந்த நாள்களைத் தண்டனைக் காலத்தில் கழிக்க வழிசெய்தது. முந்தைய 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இவ்வுரிமை இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 468-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. பதினான்கு மாதம் காவலில் இருந்தவர் மூன்றாண்டுத் தண்டனை பெற்றால், எஞ்சுவது இருபத்திரண்டு மாதமே. ஆயுள் தண்டனை பெற்றோர்க்கும் இப்பிரிவு பொருந்தும் என்று பகீரத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985-இல் தெளிவுறுத்தியது. எனினும், அபராதம் செலுத்த இயலாமைக்காக அனுபவிக்கும் சிறைக்கு இக்கழிவு இல்லை. வறியவர் நாளுக்கு மதிப்புக் குறைவு என்னும் நிலை இதனால் நேர்கிறது.

வரவு வைக்கப்படாத நாள்

விசாரணைக் காவல் தண்டனை ஆகாது, அது முன்னெச்சரிக்கையே என்பது சட்டக் கொள்கை. அஃது உண்மையாயின் அந்நாளைத் தண்டனையில் கழிக்க நியாயமில்லை. கழிப்பதனாலேயே, எப்பெயரிட்டு அழைப்பினும் பூட்டிய அறையில் கழிந்த நாள் இழப்பே என்பதைச் சட்டம் ஒப்புகிறது. இவ்வொப்புதலுள் ஒரு முரண் அடங்கியுள்ளது. குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்றவருக்கு அந்நாள் வரவாகிறது. விடுதலை பெற்றவருக்கோ, கழித்துக்கொள்ளத் தண்டனையே இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுப் புள்ளிவிவரப்படி இந்தியச் சிறைகளில் இருந்தோருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள் என்பதை நோக்க, இம்முரண் சிறிதன்று.

விண்வெளி அறிவியலாளர் நம்பி நாராயணன் 1994-இல் திருவனந்தபுரத்தில் கைதாகி ஏறத்தாழ 50 நாள் காவலில் இருந்தார். அவர்மீதான குற்றச்சாட்டு நிலைபெறவில்லை. 50 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2018-இல். இத்தகைய நீண்ட போராட்டம் எல்லார்க்கும் இயல்வதன்று. தவறாக வழக்குத் தொடரப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்கத் தனிச்சட்ட ஏற்பாடு வேண்டும் என்று இந்தியச் சட்ட ஆணையம் அதே ஆண்டில் தன் 277-ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது.

விடுதலை பெற்றோர் அனைவரும் குற்றமற்றோர் அல்லர், ஐயத்தின் பயனால் மீண்டோரும் உளர் என்று மறுப்பர். ஆயினும் மெய்ப்பிக்கப்படாத குற்றத்திற்கு நாளைப் பறிக்கலாம் என்பது அம்மறுப்பால் நிறுவப்படுவதில்லை.

வார்த்திகன் வழக்கு

சிலப்பதிகாரக் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு வார்த்திகன் கதையை உரைக்கிறது. அவன் மகன் பரிசாகப் பெற்ற அணிகலன்களைக் கண்ட அரசு ஊழியர், புதையலைக் கவர்ந்தான் என அவனைச் சிறையிட்டனர். அவன் மனைவி கார்த்திகை அழுது அரற்றினாள். கொற்றவை கோயிற் கதவு திறவாதாயிற்று. உண்மை அறிந்த பாண்டியன் தன் பிழையை ஏற்றுப் பொறுத்தருள வேண்டினான். தங்காலையும் வயலூரையும் அளித்தான். வார்த்திகன் முன் நிலத்தில் வீழ்ந்து வணங்கினான். அதன் பின்னரே கதவு திறந்தது. அவன் அத்துடன் நிற்கவில்லை. சிறைக்கோட்டங்களைத் திறக்கவும், புதையல் கண்டெடுத்தவர்க்கே உரியது என அறிவிக்கவும் முரசறைவித்தான்.

பிழையை ஒப்புதல், இழப்பை ஈடுசெய்தல், பிழைக்குக் காரணமான முறையைத் திருத்தல் என்னும் மூன்றும் இங்கு ஒருங்கே அமைந்துள்ளன. வார்த்திகன் இழந்த நாளை அரசனாலும் மீட்டுத்தர இயலவில்லை. எனினும் அதனைத் தன் கடனாக அவன் ஏற்றான்.

முடிவுரை

சிறைநாளைத் தண்டனையில் கழிப்பது அரசின் கருணையன்று, கடன் தீர்த்தலே என்பது மேற்கண்டவற்றால் புலனாகிறது. தண்டனை பெற்றவரிடம் அக்கடனைத் தீர்க்கும் நீதி, விடுதலை பெற்றவரிடமும் அதனைத் தீர்த்தல் வேண்டும். அதுவரை அவர்தம் நாள்கள் பற்றில் எழுதப்பட்டு வரவில் எழுதப்படாதனவாகவே எஞ்சும்.