நம்பிக்கையும் நிச்சயமும்

நான் வங்கி குமாஸ்தா. கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது என் பிழைப்பின் ஒரு பகுதி. சில வருஷங்களுக்கு முன் முதியவர் ஒருவர் செக்கோடு கவுண்டருக்கு வந்தார். பக்கவாதத்துக்குப் பிறகு கை நடுங்கியது. கோப்பில் இருந்த மாதிரிக் கையெழுத்துக்கும் செக்கில் இருந்ததற்கும் ஒற்றுமையே இல்லை. விதிப்படி திருப்பியிருக்க வேண்டும். எதிரே நின்ற முகத்தைப் பார்த்து பாஸ் செய்தேன். இது நம்பிக்கை என்று நினைக்கிறேன். நான் ஏமாந்திருக்க முடியும். ஏமாந்திருந்தால் பதில் சொல்ல வேண்டியவனும் நானே.

இந்தச் சாத்தியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றியதுதான் மின்வணிகத்தின் சரித்திரம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1979இல் இங்கிலாந்தில் மைக்கேல் ஆல்ட்ரிச், வீட்டு டெலிவிஷனைத் தொலைபேசிக் கம்பி வழியே கம்ப்யூட்டரோடு இணைத்துக் காட்டினார். 1984 மே மாதம் கேட்ஸ்ஹெட் நகரில் 72 வயது மூதாட்டி ஒருவர், உட்கார்ந்த இடத்திலிருந்தே டெலிவிஷன் ரிமோட்டை அழுத்தி, டெஸ்கோ கடையிலிருந்து மார்ஜரின், கார்ன்ஃப்ளேக்ஸ், முட்டை வரவழைத்தார். பணத்தை வாசலில் ரொக்கமாகக் கொடுத்தார். சொல் கம்பியில் போயிற்று, காசு போகவில்லை. கடைசியில் இரண்டு பேர் நேருக்கு நேர் நிற்க வேண்டியிருந்தது.

அதைத் தேவையற்றதாக்கும் கணிதம் ஏற்கெனவே தயாராக இருந்தது. முன்பின் சந்தித்திராத இருவர், எல்லோரும் ஒட்டுக்கேட்கும் கம்பியிலேயே தமக்குள் ஒரு ரகசியத்தை உண்டாக்கிக்கொள்ளலாம் என்று 1976இல் டிஃபியும் ஹெல்மனும் காட்டினார்கள். 1994 ஆகஸ்ட் 11 அன்று நெட்மார்க்கெட் என்ற அமெரிக்க நிறுவனம் ஸ்டிங்கின் இசைத்தட்டு ஒன்றை 12.48 டாலருக்கு விற்றது. கடன் அட்டை எண் சங்கேதமாகப் போயிற்று. இதை நம்பிக்கை என்று சொல்வது வார்த்தைக் குழப்பம். இது நிச்சயம். நிச்சயம் இருக்கும் இடத்தில் நம்பிக்கைக்கு வேலை இல்லை.

ஆனால் சங்கேதம் கம்பியைத்தான் காக்கும். மறுமுனையில் இருக்கும் ஆளை என்ன செய்வது? 1995 செப்டம்பரில் பியர் ஒமிடியார், பின்னால் ஈபே என்று பெயர் மாறிய ஏலத் தளத்தைத் தொடங்கினார். ஆரம்பத்தில் அங்கே விற்றது உடைந்துபோன லேசர் பாயின்டர் ஒன்று, 14.83 டாலருக்கு. உடைந்தது என்று தெரியுமா என்று வாங்கியவரைக் கேட்டார் ஒமிடியார். தெரியும், உடைந்தவற்றைச் சேகரிக்கிறேன் என்று பதில் வந்தது. மனிதர்கள் அடிப்படையில் நல்லவர்கள் என்பது ஒமிடியாரின் சித்தாந்தம். ஆனாலும் 1996 பிப்ரவரியிலேயே, வாங்குபவரும் விற்பவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதிவைக்கும் பதிவேடு ஒன்றை அவர் திறக்க வேண்டிவந்தது. நல்லவர்களுக்குப் பதிவேடு எதற்கு?

கான்ட் 1785இல் ஒரு கடைக்காரனைப் பற்றி எழுதினார். குழந்தை வந்து கேட்டாலும் அதே விலைதான் சொல்வான். நாணயமானவன்தான், ஆனால் அவனுடைய நாணயம் வியாபார விவேகத்தில் பிறந்தது. கான்ட் அதற்கு அறத்தின் மதிப்பைத் தரவில்லை. இன்றைய நட்சத்திர மதிப்பெண்கள் இந்தக் கடைக்காரனை லட்சக்கணக்கில் உற்பத்தி செய்திருக்கின்றன.

இதற்காகப் பழைய கடைத்தெருவை நினைத்து ஏங்குவதும் பொய். மளிகைக்கடைப் பற்று நோட்டில் யார் பெயர் ஏறும், யார் கையில் காசோடு வர வேண்டும், யார் எட்டி நின்று வாங்க வேண்டும் என்பதையெல்லாம் தெருவும் ஜாதியும் தீர்மானித்தன. முகத்தை நம்புவது என்றால் சில முகங்களை நம்ப மறுப்பதும்தான். யந்திரத்தின் முன் வாங்குபவனுக்கு முகம் இல்லை. அது சிலருக்கு விடுதலை.

என் முதியவர் வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். கசங்கிய லுங்கியில் வந்த நடுங்கும் கைக்கு அந்தச் செக்கை பாஸ் செய்திருப்பேனா? பல இரவுகள் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது கைபேசிக்கு வரும் ஆறு இலக்கம் சரியாக இருந்தால் பணம் போய்விடுகிறது. யாரும் தவறாக நம்பப்படவில்லை. வேட்டியைப் பார்த்து யாரும் சந்தேகிக்கப்படவும் இல்லை. இதை முன்னேற்றம் என்று ஒப்புக்கொள்கிறேன். அறம் என்று சொல்ல மட்டும் மனம் வரவில்லை.