வினையா, கிணற்று நீரா?

இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களிலிருந்து கதிர்காமத்துக்குப் புறப்படும் பஸ்கள் பெல்மதுளையில் திரும்பி, கஹவத்தை, கொடகவெல வழியாக எம்பிலிப்பிட்டியவுக்கு இறங்குகின்றன. தேயிலையும் இறப்பரும் மழையும் மேலே நின்றுவிட, கீழே வயலும் வாழையும் வெயிலும் தொடங்குகின்றன. யாத்திரிகரின் கண்ணுக்குப் படாமல் அந்தப் பாதையில் இன்னொன்றும் மாறுகிறது. அது குடிநீர். மேலே ஓயாத மழை பாறையைக் கழுவிக்கொண்டே இருப்பதால் நீரில் புளோரைட்டு மிகக் குறைவு. கீழே மழை குறைவு, வெயில் அதிகம். அபத்தைற்று, மைக்கா முதலிய கனிமங்களிலிருந்து கரைந்துவரும் புளோரைட்டு வெளியேற வழியின்றி நிலத்தடி நீரிலேயே தங்கிவிடுகிறது. பேராசிரியர் சி. பி. திசாநாயக்கவும் அவரது சகாக்களும் 1980களில் தயாரித்த நீர்ப்புவியிரசாயன வரைபடங்கள் இந்த வேறுபாட்டைக் காட்டின.

எம்பிலிப்பிட்டியவை அடுத்த உடவலவைப் பகுதியில் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் விம் வான் டெர் ஹூக், பேராதனைப் பல்கலைக்கழகப் பல் மருத்துவ பீடத்தின் லிலானி ஏக்கநாயக்க ஆகியோரைக் கொண்ட குழு 14 வயது மாணவர் 518 பேரின் பற்களைப் பரிசோதித்தது. 2003இல் வெளியான முடிவின்படி அவர்களில் 43.2 வீதத்தினருக்குப் பல் புளோரோசிஸ் இருந்தது. பல்லின் மேற்பூச்சில் வெள்ளைக் கோடுகளாகத் தொடங்கும் இந்நோய் முற்றினால் பழுப்புக் கறையாகவும் குழியாகவும் தெரியும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஏனென்றால் அது பல்லின் மேல் படிந்த கறையன்று. ஈறுக்குள் பல் உருவாகும் காலத்தில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள், உடலுக்குள் போன நீர் விட்டுச்சென்ற தடம்.

பதினான்கு வயதுப் பிள்ளை கண்ணாடியில் பார்ப்பது, தனக்கு நினைவே இல்லாத வயதில் குடித்த நீரின் விளைவு. அந்த நீரைத் தேர்ந்தெடுத்தது பிள்ளையல்ல. இந்த இடத்தில்தான் மருத்துவக் கேள்வியோடு சமயக் கேள்வியும் சேர்ந்துகொள்கிறது.

“முற்பிறப்பில் என்ன செய்தோமோ” என்பது தமிழ் வீடுகளில் கேட்டுப் பழகிய பேச்சு. பக்கத்துச் சிங்கள வீட்டில் அதையே ‘கர்மய’ என்பார்கள். பல்லையும் எலும்பையும் தாக்கும் நோய்களுக்கு இந்த விளக்கம் மற்ற நோய்களைவிட எளிதாகப் பொருந்திவிடும். அவை மெல்ல வரும். காரணத்துக்கும் விளைவுக்கும் இடையில் பல ஆண்டுகள் கிடக்கும். உடலுக்குள் சேரும் புளோரைட்டில் ஏறத்தாழ 99 வீதம் எலும்பிலும் பல்லிலுமே தங்குகிறது. வளர்ந்தவர்களில், உறிஞ்சப்பட்டதில் பாதியளவைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் சிறு பிள்ளைகளின் உடலிலோ 80 வீதம்வரை தங்கிவிடக்கூடும். மிக அதிகச் செறிவுள்ள நீரைப் பல்லாண்டுகள் குடித்தவர்களுக்கு முதுகெலும்பு இறுகும், மூட்டுகள் மடங்க மறுக்கும், தசைநார்கள் சுண்ணாம்பேறும். சைவ சித்தாந்தம் சஞ்சிதம் என்று பேசுகிறதே, பல பிறவிகளில் சேர்ந்து கிடக்கும் வினைமூட்டை, அதைப் போலவே இதுவும் சேர்ந்து கிடந்து பின்னாளில் பலன் தருகிறது. ஒப்புமை அவ்வளவு கச்சிதமாக இருப்பதே ஆபத்து.

ஏனென்றால் இதன் காரணத்தை அளந்து பார்க்க முடியும். சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் முதுகு வளையாத கிராமத்தாரைப் பற்றி ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி மூவரும் 1937இல் எழுதிய கட்டுரை, இந்தியாவில் எலும்புப் புளோரோசிஸ் பற்றிய முதல் விரிவான பதிவுகளில் ஒன்று. குற்றவாளி கிணற்று நீர் என்று அவர்கள் காட்டினார்கள். இன்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். வெயிலில் அதிகம் நீர் குடிக்கும் மக்களைக் கொண்ட இலங்கை, 2013இன் குடிநீர்த் தரநிர்ணயத்தில் அதை 1 மில்லிகிராமாக வைத்தது.

எலும்பு எளிய கணக்குக்குக் கட்டுப்படுவதுமில்லை. புளோரைட்டு எலும்பை அடர்த்தியாக்கும் என்பதால், அதையே எலும்புத் தேய்வுக்கு மருந்தாக்கலாம் என்று வைத்தியர்கள் எண்ணிய காலம் உண்டு. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லோரன்ஸ் ரிக்ஸ் தலைமையிலான குழு, மாதவிடாய் நின்ற 202 பெண்களை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து 1990இல் முடிவை வெளியிட்டது. சோடியம் புளோரைட்டு உட்கொண்டவர்களுக்கு இடுப்பு முதுகெலும்பின் அடர்த்தி 35 வீதம் கூடியிருந்தது. ஆனால் முதுகெலும்பு முறிவுகள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. கை, கால் முதலிய மற்ற எலும்புகளின் முறிவுகளோ மருந்தில்லாத குழுவில் 24 ஆக இருக்க, இவர்களிடம் 72 ஆகின. படத்தில் திடமாகத் தெரிந்த எலும்பு உள்ளே பலவீனமாக இருந்தது.

நோய்க்கு இப்படி ஒரு பௌதிகக் காரணம் கிடைத்துவிட்டால் சமயம் விலகிக்கொள்ள வேண்டியதுதானா? எம்பிலிப்பிட்டியச் சூழலில் வாழும் இரண்டு மரபுகளுமே இதற்கு எதிர்பாராத பதில் வைத்திருக்கின்றன.

பாளி மொழியின் சம்யுத்த நிகாயத்தில் மோலிய சீவகர் என்ற துறவி புத்தரிடம் வருகிறார். மனிதர் அனுபவிக்கும் இன்பதுன்பம் எல்லாமே முற்செயலின் பயன் என்று சிலர் சொல்கிறார்களே, அது சரியா என்று கேட்கிறார். புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்குகிறார்: பித்தம், சளி, வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், கவனக்குறைவான நடத்தை, பிறரின் தாக்குதல், கடைசியாகக் கருமத்தின் பயன். எட்டில் ஒன்றுதான் கருமம். எல்லாமே கருமம் என்போர் தாமே அனுபவித்து அறிவதையும் உலகம் உண்மையென ஏற்பதையும் மீறிப் பேசுகிறார்கள் என்பது அவர் தீர்ப்பு. ‘கர்மய’ என்று பெருமூச்சு விடும் வீட்டுக்குப் புத்தர் தரும் மறுப்பு அது.

சைவர் பக்கம் திருஞானசம்பந்தர் நிற்கிறார். ஏழாம் நூற்றாண்டில் கொங்குநாட்டுக் கொடிமாடச்செங்குன்றூரில், இன்றைய திருச்செங்கோட்டில், அவருடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது என்கிறது பெரியபுராணம். அப்போது அவர் பாடிய பதிகம் திருநீலகண்டத்தின் மீது ஆணை வைப்பது. இன்ன வினைக்கு இன்ன பயன் என்று அறிந்து பேசுகிறவர்கள், அதிலிருந்து தப்பும் வழியைத் தேடாதிருப்பது குறையல்லவா என்று கேட்டுத்தான் அது தொடங்குகிறது. சம்பந்தர் வினையை மறுக்கவில்லை. வினையைச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருப்பதை மறுக்கிறார். அமுதத்துக்காகக் கடலைக் கடைந்தபோது யாரும் கேளாமலே எழுந்த நஞ்சைக் கண்டத்தில் நிறுத்தியவனின் பெயர் அந்தப் பதிகத்துக்கு வாய்த்தது வெறும் தற்செயலாகப் படவில்லை.

கேளாமல் எழும் நஞ்சுதான் இங்கே சிக்கலான பகுதி. 1981 முதல் 1990 வரையிலான சர்வதேசக் குடிநீர்ப் பத்தாண்டில் உலர் வலயக் கிராமங்களில் குழாய்க்கிணறுகள் தோண்டப்பட்டது வயிற்றோட்டத்திலிருந்து பிள்ளைகளைக் காக்க. கிருமி குறைந்தது, ஆழத்து நீரில் புளோரைட்டு வந்தது. தெலங்கானாவின் நல்கொண்டாவில் முட்டிகள் உள்வளைந்த இளைஞர்களைப் பற்றி ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரியும் கமலா கிருஷ்ணசாமியும் 1973இல் எழுதினார்கள். பின்னர் தரப்பட்ட விளக்கத்தில் நாகார்ஜுனசாகர் அணைக்கும் பங்கிருந்தது. அணையால் நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்து, மண்ணின் காரத்தன்மை கூடி, சோளத்தில் மொலிப்டினம் ஏறி, உடலில் செம்பு குறைந்து எலும்பு இளகியது என்றார்கள். உடவலவையில் கதை மறுபக்கமாக ஓடுகிறது. பாசனக் கால்வாயிலிருந்து கசியும் நீர் பக்கத்துக் கிணறுகளை நிரப்பி புளோரைட்டை நீர்க்கச் செய்கிறது. நீரைச் சேமிக்கக் கால்வாய்க்குக் கொங்கிரீட் பூசினால் வயலுக்கு லாபம், கிணற்றுக்கு நட்டம்.

இவற்றில் யாருடைய பாவம் இருக்கிறது? கருமம் என்பது எண்ணமே என்பது தேரவாதத்தின் அடிப்படை. அணை கட்டியவரும் கிணறு வெட்டியவரும் நல்லதையே எண்ணினார்கள்.

புத்தரின் கடைசி உணவைப் பற்றிய மகாபரிநிப்பான சுத்தத்தின் பகுதி இங்கே உதவுகிறது. கொல்லரான சுந்தர் பக்தியோடு சமைத்துத் தந்ததை உண்டபின் புத்தருக்குக் கடும் வயிற்றுநோய் வருகிறது. சுந்தர் மனம் வருந்தக்கூடாது, அவருடைய தானம் பெரும் புண்ணியம் தருவது என்று ஆனந்தரிடம் சொல்லியனுப்புகிறார். அதே புத்தர், நோய் வருமுன்பே, தனக்குப் பரிமாறிய அந்தப் பண்டத்தில் மிஞ்சியதை வேறு யாருக்கும் கொடுக்காமல் குழிதோண்டிப் புதைக்கச் சொல்லியிருந்தார். கொடுத்தவருக்குக் குற்றமில்லை, ஆனால் தீங்கு தெரிந்தபின் அந்தப் பண்டம் அடுத்தவர் இலைக்குப் போகக்கூடாது. வலவை ஆற்றங்கரையில் தெரியாமல் நீர் கொடுத்தவர்கள் சுந்தரின் நிலையில் இருந்தார்கள். தெரிந்த பின்னர் அதே கிணற்றிலிருந்து அளந்து பார்க்காமல் இறைப்பவரின் நிலை அதுவல்ல.

இதற்குப் பின்னும் ஒன்று தீராமல் நிற்கிறது. ஒரே கிணற்று நீரைக் குடித்த இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்குப் பாதிப்பு அதிகம், மற்றதற்குக் குறைவு. உணவில் கல்சியம் போதாமை ஒரு காரணம் என்று ஊட்டச்சத்து அறிஞர் சொல்வார். அதற்குப் பின்னால் வறுமை. ஆனால் “ஏன் என் பிள்ளை?” என்று கேட்கும் தாய்க்கு அது பதிலாகாது. அந்தக் கேள்வியோடு அவள் கதிர்காமத்துக்குப் போவதை எந்த ஆய்வும் தடுக்கத் தேவையில்லை.

பாதையில் அவளுக்கு யார் என்ன நீர் தருகிறார்கள் என்பதோ ஆய்வுக்குள் வரும் விடயம். வெசாக் தன்சலும் யாத்திரைக் காலத் தண்ணீர்ப்பந்தலும் புண்ணியம் என்பதில் இரு சமயத்தாருக்கும் கருத்து வேறுபாடில்லை. அந்த நீரைச் சுத்திகரிக்க வழிகளும் உண்டு. சிறுநீரக நோய் பரவிய உலர் வலய ஊர்களில் இலங்கைக் கடற்படை அமைத்த நீர் சுத்திகரிப்பு நிலையங்களில் பல விகாரைகளிலும் பாடசாலைகளிலும் இயங்குகின்றன. அவ்வளவு செலவு முடியாத இடத்துக்காகப் பத்மசிரியும் திசாநாயக்கவும் 1995இல் விவரித்த எளிய வடிகட்டி இருக்கிறது: உடைத்த செங்கல் துண்டுகளின் ஊடாக நீர் மெல்ல ஏறும்போது புளோரைட்டில் ஒரு பகுதி செங்கல்லோடு ஒட்டிக்கொள்ளும். சில மாதங்களுக்கு ஒருமுறை துண்டுகளை மாற்றவேண்டும், மாற்றாவிட்டால் அது வெறும் தொட்டி. கோவில் பரிபாலன சபைகளும் விகாரைத் தாயக சபைகளும் பூசை, பெரஹர முறைகளை எழுதிவைக்கும் பட்டியலில், செங்கல் மாற்றும் மாதத்தையும் பொறுப்பாளரின் பெயரையும் சேர்க்க ஒரு வரி போதும்.