யாருடைய நற்பெயர்?

ஓசூர் சிப்காட்டில் காலை முறைப் பணிக்குச் செல்வோர் பொழுது புலருமுன்பே நிறுவனப் பேருந்தில் ஏறிவிடுகின்றனர். எல்லை கடந்து அத்திப்பள்ளிக்கும் பொம்மசந்திராவுக்கும் போகிறவர்களும் உளர். பிள்ளையைப் பள்ளியின் கையில் ஒப்படைத்திருக்கிறோம் என்னும் நம்பிக்கையில்தான் அவர்களது நாள் நகர்கின்றது. அவ்வாறு ஒப்படைக்கப்பட்ட பிள்ளைக்குப் பள்ளிக்குள்ளேயே தீங்கு நேர்ந்தால், அதை வெளியே சொல்ல வேண்டியவர் யார்?

2024 ஆகஸ்டில் இவ்வினா கிருஷ்ணகிரி மாவட்டத்தை உலுக்கிற்று. பர்கூர் அருகே தனியார் பள்ளி ஒன்றில் தேசிய மாணவர் படையின் பெயரால் போலி முகாம் நடத்தப்பட்டு, மாணவியர் பாலியல் கொடுமைக்கு உள்ளானதாக வழக்குப் பதிவாயிற்று. முறையிட்டவர்களிடம் வெளியே சொல்ல வேண்டாமென நிர்வாகம் கூறியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது; நிர்வாகத்தினரும் கைதாயினர். அரசு சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது.

இத்தகைய தருணங்களில் வழக்கமாக எழும் சமாதானம் ஒன்றுண்டு: “பெண் பிள்ளையின் எதிர்காலம் பாழாகிவிடுமே!” நாமும் நம் வீடுகளில் இதைச் சொல்லியிருக்கிறோம், இரக்கத்தோடுதான் சொல்லியிருக்கிறோம். ஆனால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தைச் சற்று ஊன்றிப் பார்ப்போம். பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரையும் அடையாளத்தையும் ஊடகங்கள் வெளியிடுவதை அச்சட்டம் தடுக்கிறது. அதே சட்டம், குற்றத்தை அறிந்தும் அறிவியாதிருப்பதைக் குற்றமாக்குகிறது; தம் கீழுள்ளவர் செய்ததை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. குழந்தையின் மானத்துக்குச் சட்டமே வேலியிட்டிருக்க, நம் மௌனம் எதைக் காக்கிறது? பெரும்பாலும் வாயிலில் தொங்கும் பெயர்ப்பலகையைத்தான். குழந்தையின் மானத்தைப் போர்வையாக்கி நிறுவனத்தின் மானத்தை மூடிவைக்கிறோம்.

கத்தோலிக்கராகிய நாம் இதை அயலார் குற்றமாக மட்டும் பேசிவிட்டு நகர இயலாது. அயர்லாந்தில் மணமாகாத தாய்மார்க்கென நடத்தப்பட்ட இல்லங்களுள் பல நம் அருள்சகோதரியரின் பொறுப்பில் இருந்தவை. 1922 முதல் 1998 வரை, ஆராயப்பட்ட 18 நிறுவனங்களில் ஏறத்தாழ 9,000 குழந்தைகள் இறந்தனர் என விசாரணை ஆணையம் 2021 ஜனவரியில் அறிவித்தது. டியூம் என்னும் ஊரின் இல்லத்தில் மட்டும் 796 குழந்தைகள். அவர்களது இறப்புப் பதிவுகளைத் தேடித் திரட்டியவர் கேத்தரின் கார்லெஸ் என்னும் உள்ளூர் வரலாற்று ஆர்வலர். ஆயரும் அல்லர், அமைச்சரும் அல்லர்.

பிரதமர் மிஹால் மார்ட்டின் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். சமுதாயம் முழுவதற்கும் இதில் பங்குண்டு என்னும் பேச்சும் அப்போது எழுந்தது. உயிர்பிழைத்தோர் பலர் அதை ஏற்கவில்லை. அவர்கள் பக்கமே நியாயம் என்பது நம் எண்ணம். எல்லாரும் குற்றவாளிகள் என்றாகிவிட்டால் எவரும் பெயர் சொல்லிப் பதில் கூற வேண்டியதில்லை அல்லவா? “காலம் கெட்டுவிட்டது” என்று நாம் பெருமூச்செறிவதும் இவ்வகையே. அரசையும் பள்ளியையும் கேள்வி கேட்கும் நம் பங்குகளில், மறைக்கல்வி வகுப்பறைச் சுவரில் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை எழுதி ஒட்டியவர்கள் எத்தனை பேர்?

2025 பிப்ரவரியில் அதே பர்கூர்ப் பகுதியில், அரசுப் பள்ளியொன்றின் ஆசிரியர் மூவர் இத்தகைய புகாரில் கைதாயினர். பல நாட்களாகப் பள்ளிக்கு வராத மாணவியைத் தேடி அவள் வீட்டுக்கே சென்று விசாரித்தவர், அப்பள்ளியின் தலைமையாசிரியர் என்று செய்திகள் கூறின. குற்றஞ்சாட்டப்பட்ட மூவரும் நாள்தோறும் அவரோடு பணிபுரிந்தவர்கள்.